கிண்டர் ஸ்கௌட் மேட்டில் ஒரு குழு நடை: ஹேஃபீல்டில் தொடங்கி ஹேஃபீல்டில் முடிக்க முழுமையான வழிகாட்டி

இங்கிலாந்தில் மான்செஸ்டருக்கும் ஷெஃபீல்டுக்கும் நடுவே பீக் டிஸ்ட்ரிக்ட் தேசியப் பூங்கா இருக்கிறது. அதிலேயே உயரமான இடம் கிண்டர் ஸ்கௌட், 636 மீட்டர். மலை என்று சொன்னாலும் கூம்பான உச்சி கிடையாது. விளிம்பெல்லாம் பாறை, நடுவில் மரமே இல்லாத பரந்த மேடு. ஹெதர் புதரும் பஞ்சுக்கோரையும் பீட் என்னும் கறுப்புச் சேற்றுமண்ணும் மூடிய இப்படிப்பட்ட மேட்டுநிலத்தைத்தான் அங்கே மூர் என்கிறார்கள்.

குழுவாக நடந்து ஊர் வரலாற்றையும் மூர் நிலத்தையும் ஒரே நாளில் பார்க்க இதைவிடப் பொருத்தமான பாதை அந்தப் பக்கத்தில் இல்லை. நிலப்பிரபுக்கள் மூடிவைத்த மேட்டில் நடக்கும் உரிமை கேட்டு 1932 ஏப்ரல் 24 அன்று இங்கே நடந்த கூட்டு அத்துமீறலே ஒரு குழு நடைதான். அந்தக் கூட்டம் கிளம்பிய கல்குவாரியிலிருந்தே நாமும் கிளம்பலாம்.

சுற்று ஏறத்தாழ 14 கிலோமீட்டர், மொத்த ஏற்றம் 500 மீட்டர் சொச்சம். தனியாக நடப்பவர் நாலரை மணி நேரத்தில் முடித்துவிடுவார். குழுவுக்கு ஆறு மணி நேரம் ஒதுக்குங்கள். கணக்கு எளிது: தட்டையில் மணிக்கு 4 கிலோமீட்டர், ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்துக்கும் 10 நிமிடம் கூடுதல், அதோடு நிறுத்தங்களுக்கு ஒன்றரை மணி நேரம். 1892-இல் ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் வகுத்த விதி மணிக்கு 5 கிலோமீட்டர் என்று வைக்கிறது. திடகாத்திரமான ஆளுக்கு அது சரி. பன்னிரண்டு பேர் வரிசையாகப் போகும்போது ஒத்துவராது.

இந்த வழிகாட்டியின் அடிப்படை இதுதான்: மூச்சுவாங்க எப்படியும் நிற்க வேண்டிய இடத்தில்தான் கதை சொல்ல வேண்டும். கதைக்கென்று தனியாக நிறுத்தினால் உடம்பு குளிர்ந்துபோகும், நேரமும் கரையும். நல்லவேளையாக, கிண்டரில் வரலாறு நடந்த இடங்களும் கால் ஓய்வு கேட்கும் இடங்களும் பெரும்பாலும் ஒன்றாகவே அமைந்திருக்கின்றன.

எப்போது, எத்தனை பேர்

மே முதல் செப்டம்பர் வரை உகந்த காலம். ஹெதர் ஊதாவாகப் பூப்பது ஆகஸ்ட்டில். ஏப்ரல் கடைசியில் போனால் அத்துமீறலின் ஆண்டு நாளை ஒட்டி வரும். ஆனால் மேட்டில் அப்போதும் ஆலங்கட்டி மழை சகஜம். டிசம்பரில் பிற்பகல் நான்கு மணிக்குள் சூரியன் மறைந்துவிடும் என்பதால் புதியவர்களைக் கூட்டிக்கொண்டு இந்தச் சுற்றைத் தொடாதீர்கள்.

எட்டு முதல் பன்னிரண்டு பேர் நல்ல அளவு, பதினைந்து உச்சவரம்பு. அதற்கு மேல் போனால் வரிசை 200 மீட்டருக்கு நீளும், மூடுபனியில் முன்னால் இருப்பவருக்குப் பின்னால் நடப்பது தெரியாது. இருபது பேர் பெயர் கொடுத்தால் இரண்டு குழுவாகப் பிரித்து, தனித்தனித் தலைவரோடு அரை மணி நேர இடைவெளியில் அனுப்புங்கள்.

மூன்று பொறுப்புகளை முதல் நாளே ஆள் குறித்துக் கொடுத்துவிட வேண்டும். ஒருவர் வழி பார்ப்பவர். ஒருவர் கடைசி ஆள். இவருக்குப் பின்னால் எக்காரணம் கொண்டும் யாரும் இருக்கக் கூடாது. ஒதுங்கப் போகிறவர்கூட இவரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும், அவர் திரும்பும்வரை இவர் நிற்பார். மூன்றாமவர் கதை சொல்பவர். வழி பார்ப்பவரும் கதை சொல்பவரும் ஒரே ஆளாக இருப்பது பல குழுக்களில் வழக்கம், நாங்கள் அதைப் பரிந்துரைப்பதில்லை. கதையில் லயித்தவர் வரைபடத்தைப் பார்ப்பதில்லை.

தலைவராகப் போகிறவர் இரண்டு வாரத்துக்குள் ஒருமுறை இந்தச் சுற்றை நடந்து பார்த்திருக்க வேண்டும். ஓடையைத் தாண்டும் இடங்கள் ஒவ்வொரு மழைக்கும் மாறுகின்றன.

முன்னறிவிப்பில் என்ன எழுதுவது

"எளிதான நடை" என்று மட்டும் எழுதாதீர்கள். தூரம், ஏற்றம், மணி நேரம், கடைசியாக எப்போது ஏறிய குன்று எது என்ற கேள்வி, இந்த நான்கும் அறிவிப்பில் இருக்கட்டும். ஆஸ்துமா, சர்க்கரை, முழங்கால் வலி, ஒவ்வாமை இருப்பவர்கள் தலைவரிடம் தனியாகச் சொல்லச் சொல்லுங்கள். இன்ஹேலரும் மருந்தும் அவரவர் பையிலேயே இருக்க வேண்டும், காரில் அல்ல. ஒவ்வொருவரின் வீட்டு எண்ணையும் எழுதி, ஒரு பிரதி கடைசி ஆளிடம், ஒரு பிரதி நடைக்கு வராத ஒருவரிடம். அந்த வராத ஆளுக்கு ஒரு நேரத்தையும் சொல்லிவையுங்கள்: மாலை ஆறரைக்குள் அழைப்பு வராவிட்டால் அவர் நம்மைத் தேட ஆரம்பிக்க வேண்டும்.

பையில் என்ன

ஆளுக்கு: மழைச் சட்டையும் மழைக் கால்சட்டையும், கூடுதலாக ஒரு கம்பளிச் சட்டை, குல்லா, ஜூன் மாதமானாலும் கையுறை, ஒன்றரை லிட்டர் தண்ணீர், மதிய உணவு, அது போக ஒருவேளைக்கான தின்பண்டம், நெற்றி விளக்கு, விசில். ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் காயாது, தொடையிலிருந்து சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். கணுக்காலை மூடும், அடி ஆழமாகப் பள்ளமிட்ட காலணி வேண்டும். வழவழப்பான அடி கொண்ட ஓட்டக் காலணியோடு வருபவரைக் கிளம்பும் இடத்திலேயே திருப்பி அனுப்புவது சங்கடம்தான். வில்லியம் க்ளஃப் ஓடையில் அவர் கணுக்கால் பிசகுவது அதைவிடச் சங்கடம்.

உணவில் ஒரு சின்ன விஷயம். புளிச்சாதமும் எலுமிச்சை சாதமும் கட்டிக்கொண்டு போகத் தோன்றும். மேட்டுக் காற்றில் சோறு விறைத்துவிடும், கையுறையைக் கழற்றிக் கரண்டி பிடிக்க வேண்டும், ஐந்து நிமிடத்தில் விரல் மரத்துப்போகும். சப்பாத்தியில் உருளைக்கிழங்கு மசாலாவைச் சுருட்டிக்கொண்டால் கையுறையோடே கடிக்கலாம். ஃபிளாஸ்க்கில் சூடான டீ கட்டாயம்.

குழுவுக்குப் பொதுவாக: பிரிட்டனின் நில அளவை நிறுவனமான ஆர்டனன்ஸ் சர்வேயின் ஓஎல் 1 டார்க் பீக் வரைபடம் இரண்டு பிரதி, திசைகாட்டி இரண்டு, முதலுதவிப் பை, எட்டுப் பேர் உள்ளே உட்காரக்கூடிய அவசரக் கூடாரத் துணி, கூடுதல் கையுறை இரண்டு ஜோடி, கைபேசிக்கு மின்கலப் பெட்டி. இந்தக் கூடாரத் துணிக்குக் கம்பமே கிடையாது. எல்லோரும் தலைக்கு மேல் இழுத்துப் போட்டுக்கொண்டு அதன் ஓரத்தின் மேலேயே உட்கார வேண்டியதுதான். யாருக்காவது அடிபட்டு மீட்புக் குழுவுக்காகக் காத்திருக்க நேர்ந்தால் உயிர் காப்பது அதுதான். கைபேசி வரைபடம் நல்லதுதான், ஆனால் குளிரில் பேட்டரி சட்டென்று இறங்கும், ஈர விரலுக்குத் தொடுதிரை கேட்காது.

முதல் நாள் மாலை வானிலை அலுவலகத்தின் மலை முன்னறிவிப்பைப் பாருங்கள். ஊருக்கான முன்னறிவிப்பு போதாது. ஹேஃபீல்டைவிட மேடு நாலைந்து டிகிரி குளிராக இருக்கலாம், காற்று இருமடங்கு வீசும். மேட்டில் காற்று மணிக்கு 65 கிலோமீட்டரைத் தாண்டும் என்றால் நடையைத் தள்ளிப்போடுங்கள்.

போய்ச் சேருவது

மான்செஸ்டர் பிக்காடில்லியிலிருந்து நியூ மில்ஸ் சென்ட்ரல்வரை ரயில், அங்கிருந்து ஹேஃபீல்டுக்கு பஸ். ஹேஃபீல்டுக்கே ஒரு காலத்தில் ரயில் இருந்தது, 1970-இல் மூடிவிட்டார்கள். அந்தத் தண்டவாளப் பாதை இப்போது நடைபாதை. பஸ் நிலையத்துக் கழிப்பறையைப் பயன்படுத்திக்கொள்ளச் சொல்லுங்கள், மேலே எதுவும் கிடையாது. அங்கிருந்து கிண்டர் ரோடு வழியே இருபது நிமிடம் நடந்தால் பௌடன் பிரிட்ஜ், நாம் கிளம்பும் கல்குவாரி இருக்கும் இடம். காரில் வருபவர்கள் இந்தக் குவாரியிலேயே நிறுத்தலாம், ஆனால் இடம் கொஞ்சம்தான். சனி ஞாயிறுகளில் ஒன்பது மணிக்கே நிரம்பிவிடும்.

முதல் கட்டம்: குவாரியிலிருந்து நீர்த்தேக்க வாசல்வரை, 1.2 கிலோமீட்டர்

ஒன்பதரைக்குக் கிளம்பத் திட்டமிடுங்கள். அதற்கு முன் பத்து நிமிடம் குவாரியில். பாறைச் சுவரில் நினைவுப் பலகை பதித்திருக்கிறது; அத்துமீறலின் ஐம்பதாம் ஆண்டான 1982-இல் வைத்தது. அதன் எதிரே நின்று சொல்ல வேண்டிய கதை இது.

19ஆம் நூற்றாண்டில் பொது மேய்ச்சல் நிலமாக இருந்த மேடு வேலியிடப்பட்டு, நிலப்பிரபுக்களின் க்ரௌஸ் வேட்டைக்காடாக மாறியது. க்ரௌஸ் என்பது ஹெதர் தளிரைத் தின்று வாழும் காட்டுக்கோழி வகை; ஆகஸ்ட் 12-இல் தொடங்கி டிசம்பர் 10 வரை சுடுவார்கள். அந்தச் சில மாதங்களுக்காக ஆண்டு முழுவதும் காவலாளிகள் ஆட்களை விரட்டினார்கள். மறுபக்கம் மான்செஸ்டரின் ஆலைத் தொழிலாளர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை புகையிலிருந்து தப்ப வேறு வெளி இல்லை. பிரிட்டிஷ் தொழிலாளர் விளையாட்டுக் கூட்டமைப்பைச் சேர்ந்த இளைஞர்கள் 1932-இல் ஒரு கூட்டு நடைக்கு அழைப்பு விடுத்தார்கள். முன்னின்றவர் பென்னி ரோத்மன், வயது 20. மான்செஸ்டர் ரயில் நிலையத்தில் போலீஸ் காத்திருக்கும் என்று ஊகித்து ரயிலைத் தவிர்த்துச் சைக்கிளில் வந்தார். ஹேஃபீல்டு விளையாட்டுத் திடலில் கூட்டம் போட ஊர் விதி இடம் கொடுக்கவில்லை, அதனால் இந்தக் குவாரிக்கு வந்தார்கள். ஏறத்தாழ 400 பேர் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. பாறைமேல் ஏறி ரோத்மன் பேசினார், பிறகு கூட்டம் பாட்டுப் பாடிக்கொண்டு இந்தச் சாலையில் மேலே போனது.

மீதிக் கதையை இங்கேயே கொட்டிவிடாதீர்கள். தலைகளை எண்ணிவிட்டுக் கிளம்புங்கள்.

முதல் இருபது நிமிடம் தலைவர் வேண்டுமென்றே மெதுவாக நடக்க வேண்டும். வேகமாகத் தொடங்கினால் பின்னால் வருபவர்கள் சொல்லாமலே மூச்சிரைத்து, வில்லியம் க்ளஃபில் உட்கார்ந்துவிடுவார்கள். தார்ச்சாலை முடியும் இடத்தில் கிண்டர் நீர்த்தேக்கத்தின் வாசல். 1911-இல் முடிந்த அணை, ஸ்டாக்போர்ட்டின் குடிநீருக்காகக் கட்டியது. எல்லோரும் மழைச் சட்டையைக் கழற்றவோ மாட்டவோ இங்கே மூன்று நிமிடம் போதும்.

இரண்டாம் கட்டம்: வைட் ப்ரௌ ஏறி நாப் ப்ரௌ சரிவு, 1.2 கிலோமீட்டர்

வாசலுக்குப் பக்கத்தில் கல் பதித்த பாதை செங்குத்தாக ஏறுகிறது. ஈரமானால் அந்தக் கல் வழுக்கும், ஓரத்துப் புல்லில் கால் வையுங்கள். மேலே இடமிருந்து ஸ்நேக் பாதை வந்து சேரும். பொது நடைபாதைகளுக்காக ஊரார் நடத்திய போராட்டத்தால் 1897-இல் திறக்கப்பட்ட பாதை அது. இந்த ஆண்டைக் குழு நினைவில் வைத்துக்கொண்டால் அடுத்த கதை புரியும்.

பாதை நீர்த்தேக்கத்தைக் கீழே விட்டு நாப் ப்ரௌ சரிவோடு மட்டமாகப் போகும். எதிரே கிண்டரின் மேற்கு விளிம்பு முழுவதும் விரியும். இங்கே நின்று வலக்கைப் பக்கமாக எதிர்ச் சரிவைக் காட்டுங்கள். அதற்கு மேலே இருப்பது சாண்டி ஹேஸ். நாம் நிற்கும் பாதை 1932-லும் பொதுப்பாதைதான், இதில் நடப்பது அத்துமீறலே அல்ல. வில்லியம் க்ளஃபில் பாதையை விட்டு விலகி அந்தச் சரிவில் ஏறியதுதான் அத்துமீறல். காவலாளிகள் தடியோடு நின்றார்கள், கைகலப்பு நடந்தது, ஒரு காவலாளிக்குக் கணுக்காலில் அடிபட்டது. இதைப் படத்தில் பார்த்தால் புரியாது, அந்தச் சரிவின் எதிரே நின்றால் ஒரு நிமிடத்தில் புரியும்.

முழங்கால் வலி, மூச்சுத்திணறல், காலணிக் கடி என்று யாராவது தயங்கினால் திரும்பிப் போக இதுதான் தோதான இடம். வந்த வழியே அரைமணி நேரத்தில் குவாரிக்குப் போய்விடலாம். ஒருவரைத் தனியாக அனுப்பாதீர்கள், கூட ஒருவர் போகட்டும்.

மூன்றாம் கட்டம்: வில்லியம் க்ளஃப், 1.7 கிலோமீட்டர், 200 மீட்டருக்கு மேல் ஏற்றம்

க்ளஃப் என்றால் ஓடை அறுத்த ஒடுங்கிய பள்ளம். பாதை ஓடையை மாறி மாறித் தாண்டுகிறது. குழுக்கள் சிதறுவது இங்கேதான். ஒவ்வொரு தாண்டலிலும் முதலில் போனவர் மறுகரையில் நின்று கடைசி ஆளைப் பார்த்த பிறகே நகர வேண்டும். கல்மேல் கல்லாகத் துள்ளாதீர்கள், பாசி படிந்த கல்லைவிட ஓடையின் சரளைத் தரை பாதுகாப்பானது. கணுக்காலளவு நனைந்தால் நனையட்டும். பெருமழைக்கு மறுநாள் தண்ணீர் முழங்காலை எட்டிப் பழுப்பு நுரையோடு ஓடினால் க்ளஃபுக்குள் போகவே வேண்டாம். நாப் ப்ரௌவிலிருந்து ஸ்நேக் பாதையில் ஹேஃபீல்டு திரும்பும் குட்டைச் சுற்றை எடுங்கள். அதுவும் ஹெதர் மேடுதான், நாள் வீணாகாது.

ஓய்வு பற்றி ஒரு விதி. ஓய்வு நேரம் தொடங்குவது முதல் ஆள் வந்து சேரும்போது அல்ல, கடைசி ஆள் வந்து சேரும்போது. வேகமானவர்கள் எட்டு நிமிடம் உட்கார்ந்துவிட்டு, மெதுவானவர் வந்ததும் எழுந்து நடப்பதுதான் எல்லாக் குழுக்களிலும் நடக்கும் அநியாயம். அதிகம் ஓய்வு தேவைப்பட்டவருக்கு ஓய்வே கிடைக்காது, இரண்டு மணி நேரத்தில் அவர் விழுவார்.

பள்ளம் முடியும் இடம் ஆஷப் ஹெட் கணவாய். இங்கே கைகாட்டி உண்டு, பென்னைன் வே என்னும் நெடுந்தூர நடைபாதை குறுக்கே போகிறது. பதினொன்றே முக்காலுக்குள் இங்கே வந்திருக்க வேண்டும். பன்னிரண்டரை தாண்டியிருந்தால் திரும்பிவிடுங்கள். மேட்டு விளிம்பில் நுழைந்த பிறகு பாதியில் இறங்க நல்ல வழி கிடையாது.

கதையின் முடிவு இங்கே. 1932-இல் வந்தவர்கள் கிண்டர் உச்சிவரை போனதாகப் பலர் நினைக்கிறார்கள். போகவில்லை, இந்தக் கணவாய்ப் பக்கம் வந்து, மறுபக்கத்திலிருந்து வந்தவர்களைச் சந்தித்துவிட்டு இறங்கினார்கள். ஹேஃபீல்டில் போலீஸ் காத்திருந்தது. டார்பி நீதிமன்றத்தில் ஐந்து பேருக்கு 2 முதல் 6 மாதம்வரை சிறை. தண்டனை அத்துமீறலுக்காக அல்ல, அத்துமீறல் அன்று குற்றமே அல்ல, சிவில் வழக்குதான். கலகக் கூட்டம், தாக்குதல் என்ற பேரில் தண்டித்தார்கள். இன்னொன்றும் சொல்லுங்கள்: அன்றைய நடையர் சங்கங்களின் தலைமை இந்தப் போராட்டத்தை ஏற்கவில்லை, பேச்சுவார்த்தை கெட்டுவிடும் என்று எதிர்த்தது. சிறைத் தண்டனைதான் மக்கள் மனத்தை மாற்றியது. 1949-இல் தேசியப் பூங்காச் சட்டம், 1951-இல் நாட்டின் முதல் தேசியப் பூங்காவாக பீக் டிஸ்ட்ரிக்ட், 2000-இல் மூர் நிலங்களில் காலாற நடக்கும் உரிமைச் சட்டம். 2002-இல் எழுபதாம் ஆண்டு விழாவில் டெவன்ஷர் பிரபு, அன்று இந்த மேட்டில் நிலம் வைத்திருந்த தம் தாத்தா செய்ததற்குப் பொதுமேடையில் மன்னிப்புக் கேட்டார். ஒரே சட்டத்தில் ஒரே நாளில் வந்ததுபோல் கதையைச் சுருக்கிவிடாதீர்கள், அறுபத்தெட்டு ஆண்டு பிடித்தது.

பக்கத்தில் மில் ஹில் அருகே 1944 அக்டோபரில் விழுந்த அமெரிக்க லிபரேட்டர் விமானத்தின் சிதைவுகள் கிடக்கின்றன. அதில் இருந்த இருவரும் பிழைத்தார்கள். போய்வர ஒரு மணி நேரமாகும், குழுவோடு இந்தச் சுற்றில் அதைச் சேர்க்க வேண்டாம்.

நான்காம் கட்டம்: மேட்டு விளிம்பு, கிண்டர் டவுன்ஃபால்வரை 3 கிலோமீட்டர்

கணவாயிலிருந்து வலப்பக்கம் செங்குத்தான கற்படி ஏற்றம். சுற்றை இந்தத் திசையில் வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம், இந்தப் படிகளில் ஏறுவது களைப்பு, இறங்குவது ஆபத்து. மேலே சேர்ந்ததும் எல்லோரும் காற்றுச் சட்டையை மாட்டட்டும், குளிர்ந்த பிறகு அல்ல.

பென்னைன் வே நெடுக சேற்றின் மேல் பெரிய கற்பலகைகள் பரப்பியிருப்பதைப் பார்ப்பீர்கள். பல பலகைகளில் துளைகளும் பள்ளங்களும் இருக்கும். இடித்த பஞ்சாலைகளின் தரைக்கற்கள் அவை, இயந்திரம் பொருத்திய தடம் அப்படியே இருக்கிறது. இதைவிடப் பொருத்தமான அருங்காட்சியகப் பொருள் கிடைக்காது: ஆலைத் தொழிலாளர்கள் எந்தத் தரையில் வாரமெல்லாம் நின்றார்களோ அந்தத் தரைமேல் அவர்கள் போராடிப் பெற்ற மேட்டில் நடக்கிறோம்.

விளிம்பு பாறை கரடுமணற்கல். 32 கோடி ஆண்டுகளுக்கு முன் பேராறுகளின் கழிமுகத்தில் படிந்த மணல். பாதை விளிம்பை ஒட்டியே போகிறது. வலப்பக்கம் சரிவு, இடப்பக்கம் மேட்டின் உட்புறம். மூடுபனி வந்தால் விளிம்பை விடாதீர்கள். குறுக்கே உள்ளே போனால் தூரம் குறையும் என்று வரைபடம் ஆசை காட்டும். உள்ளே பீட் நிலத்தை மழைநீர் இரண்டு மூன்று மீட்டர் ஆழத்துக்கு அறுத்து வாய்க்கால் வாய்க்காலாக வெட்டி வைத்திருக்கிறது. ஒன்றில் இறங்கி ஏறுவதற்குள் திசை மாறிவிடும், பத்து நிமிடத்தில் வந்த பக்கமே தெரியாது.

மூர் நிலத்தைப் பற்றிப் பேச இந்த நீளம்தான் சரி, நடந்துகொண்டே துண்டு துண்டாகச் சொல்லலாம். நீர் தேங்கிய இடத்தில் செடி முழுவதும் மக்காமல் படிந்து படிந்து வந்ததுதான் பீட், ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில்தான் வளரும். ஒரு மீட்டர் பீட் என்றால் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு. அதைக் கட்டுவது ஸ்ஃபேக்னம் என்னும் பாசி. தன் எடையைப் போல் இருபது மடங்கு தண்ணீரைப் பிடித்துவைக்கும். மான்செஸ்டர் ஆலைப் புகையின் கந்தகம் மழையோடு விழுந்து அந்தப் பாசியைக் கொன்றது. அளவுக்கு மீறிய ஆட்டு மேய்ச்சலும் தீயும் மீதியைச் செய்தன. தோல் உரிந்ததுபோல் மேடு கறுப்பாகக் கிடந்தது. நேஷனல் டிரஸ்ட் என்னும் பாதுகாப்பு அறக்கட்டளை 1982-இல் கிண்டரை வாங்கியது. 2003 முதல் மூர்ஸ் ஃபார் தி ஃப்யூச்சர் என்ற கூட்டமைப்பும் சேர்ந்து வேலை செய்கிறது. வாய்க்கால்களில் சிறு கல்லணைகள் போட்டு நீரைத் தேக்குவது, அமிலம் குறையச் சுண்ணாம்பு தூவுவது, புல் விதைப்பது, கடைசியில் ஸ்ஃபேக்னம் நாற்றைக் கையால் நடுவது. சின்னச் சின்ன அணைகள் கண்ணில் பட்டால் அவற்றின் மேல் ஏறிக் கடக்காதீர்கள்.

எங்கும் நடக்கும் உரிமைக்காகச் சிறைக்குப் போனார்கள், இன்று நாம் ஏன் பலகையை விட்டு இறங்கக் கூடாது என்கிறீர்கள் என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். நல்ல கேள்வி. உரிமை இருக்கிறது, சட்டப்படி நீங்கள் பாதையை விட்டு விலகலாம். ஆனால் பன்னிரண்டு ஜோடிக் கால்கள் ஈர பீட்டில் ஒரே தடத்தில் மிதித்தால் அங்கே மறுபடி செடி பிடிக்கப் பல ஆண்டாகும்.

வெள்ளை முயல் கண்ணில் பட்டால் குளிர்காலம் இன்னும் போகவில்லை என்று பொருள். மலைமுயலின் ரோமம் பருவத்தோடு நிறம் மாறும். மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை பறவைகள் தரையில் கூடு கட்டும் காலம், இந்த உரிமை நிலத்தில் நாய்க்கு 2 மீட்டருக்கு மேற்படாத கயிறு சட்டப்படி கட்டாயம். தீ மூட்டக் கூடாது. அடுப்பு கொண்டு போவதே வேண்டாம், காய்ந்த பீட்டில் தீ பிடித்தால் நிலத்துக்கு அடியில் நாள்கணக்கில் எரியும்.

டவுன்ஃபால் அருவி 30 மீட்டர். கோடையில் சொட்டுச்சொட்டாகத்தான் விழும். மேற்கிலிருந்து பலத்த காற்றடித்தால் தண்ணீர் விழாமல் மேல்நோக்கிப் பறக்கும். பாதையில் நிற்பவர் வெயிலிலும் நனைவார். மதிய உணவு இங்கே, ஒன்றேகாலுக்குள், ஆனால் விளிம்பில் அல்ல. ஆற்றோடு உள்ளே ஐம்பது மீட்டர் தள்ளிப் பாறை மறைவில் உட்காருங்கள். படம் எடுக்கப் பின்னால் நகர்பவர்களைக் கடைசி ஆள் கண்காணிக்கட்டும். இருபத்தைந்து நிமிடம் போதும். அருவிப் பாறை வழியே கீழே இறங்க வழி இருப்பதுபோல் தோன்றும், குழுவோடு அதில் இறங்க நினைக்காதீர்கள்.

ஐந்தாம் கட்டம்: கிண்டர் லோ, பிறகு எடேல் கிராஸ், 3.3 கிலோமீட்டர்

டவுன்ஃபாலில் ஆற்றைக் கடந்ததும் விளிம்பு சட்டென்று தென்மேற்கே திரும்புகிறது. மூடுபனியில் பலர் இங்கே ஆற்றோடு உள்ளே போய்விடுகிறார்கள். கடந்தவுடன் நின்று திசைகாட்டியைப் பாருங்கள், பள்ளம் மறுபடி வலப்பக்கம் இருக்க வேண்டும்.

ரெட் ப்ரூக் ஓடையைத் தாண்டி, கிண்டர் லோ அருகே மேடு விரிந்து தட்டையாகிறது. பாறையும் மணலும் கலந்த வெட்டவெளி, நாலாபக்கமும் காலடித் தடங்கள். 633 மீட்டரில் வெள்ளை நில அளவைத் தூண் ஒரு பாறைமேல் நிற்கும். பென்னைன் வேயிலிருந்து சற்று விலகி இருப்பதால் பனியில் தவறவிடுவது எளிது. உண்மையான 636 மீட்டர் உச்சி வடகிழக்கே பீட்டுக்குள் இருக்கிறது, அங்கே பார்க்க ஒன்றுமில்லை. பக்கத்திலேயே வெண்கலக் காலத்து ஈமமேடு ஒன்று உண்டு. தூணிலிருந்து எடேல் ராக்ஸ் என்னும் பாறைக் கூட்டம் ஏறத்தாழ நேர்தெற்கு. திசைகாட்டியில் தெற்கை வைத்து, கண்ணுக்குத் தெரியும் பாறையைக் குறித்து, அதுவரை நடந்து, மறுபடி குறியுங்கள்.

எடேல் ராக்ஸிலிருந்து கற்பாதை இறங்கி, பொதிக்குதிரைகள் போன பழைய பாதையில் சேரும். வலப்பக்கம் திரும்பினால் சுவரோரத்தில் எடேல் கிராஸ். இடைக்காலக் கற்சிலுவை, மன்னரின் பீக் வேட்டைக்காட்டு எல்லையைக் குறிக்க நட்டது. விழுந்து கிடந்ததை உழவர்கள் தூக்கி நிறுத்தி 1810 என்று ஆண்டைச் செதுக்கினார்கள். இங்கே சுவர் மறைவு கிடைக்கும், மீதி டீயைக் குடித்துக்கொண்டே ஐந்து நிமிடம் பேசலாம்: நடப்பவரைத் தடுக்கும் எல்லைக்கல் இந்த மேட்டுக்குப் புதிதல்ல, 1932-க்கு அறுநூறு எழுநூறு ஆண்டு முன்பே இருந்தது.

ஆறாம் கட்டம்: இறக்கம், 3.5 கிலோமீட்டர்

அகலமான கல்லுப் பாதை, கோல்ட்வெல் க்ளஃப் பண்ணை தாண்டித் தார்ச்சாலை, பௌடன் பிரிட்ஜ். வழி தவற வாய்ப்பே இல்லை, இருட்டினாலும் நெற்றி விளக்கோடு நடந்துவிடலாம். சுற்றின் கடைசியில் இதை வைத்தது அதற்காகத்தான். ஆனாலும் விழுவது இங்கேதான் அதிகம். உருளும் கற்கள், களைத்த தொடை, பேச்சு சுவாரசியம். முழங்கால் வலிக்காரர்களுக்கு நடைக்கோலைக் கொஞ்சம் நீட்டிக் கொடுங்கள். குழு இங்கே ஓட்டமும் நடையுமாகப் பிரிந்துபோகப் பார்க்கும். ஒவ்வொரு வாயிற்கதவிலும் சேர்ந்து நின்று எண்ணுங்கள், கடைசி ஆள் கதவைச் சாத்தட்டும்.

யாருக்காவது அடிபட்டால்

முதலில் மற்றவர்களைக் காற்றுமறைவில் உட்கார வைத்து எல்லாத் துணியையும் மாட்டச் சொல்லுங்கள். அடிபட்டவருக்குக் கீழே பையையோ கயிற்றையோ போட்டுத் தரைக் குளிரைத் தடுத்து, கூடாரத் துணியைப் போர்த்துங்கள். பிறகு 999 அழைத்துப் போலீஸைக் கேட்டு, போலீஸிடம் மலை மீட்பு வேண்டும் என்று சொல்ல வேண்டும். நேராக ஆம்புலன்ஸ் கேட்டால் சுற்றிவளைத்து நேரம் போகும். வரைபடக் கட்ட எண், எத்தனை பேர், என்ன காயம், என்ன வானிலை என்று எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள். க்ளஃபுக்குள் சிக்னல் இருக்காது, விளிம்பில் பெரும்பாலும் கிடைக்கும். 999-க்குக் குறுஞ்செய்தி அனுப்பும் வசதிக்குக் கைபேசியை வீட்டிலேயே பதிவு செய்துவையுங்கள். பேச முடியாத சிக்னலிலும் செய்தி போய்ச்சேரும். விசிலானால் நிமிடத்துக்கு ஆறு ஊதல், ஒரு நிமிடம் இடைவெளி, மறுபடி ஆறு. பதிலாக மூன்று ஊதல் வரும். வந்தாலும் நிறுத்தாமல் ஊதுங்கள், தேடுபவர்கள் ஒலியைப் பிடித்துத்தான் வருவார்கள்.

குவாரியில் திரும்பி வந்ததும்

தலைகளை எண்ணுங்கள். ஊரில் காத்திருப்பவருக்கு அழைத்துச் சொல்லுங்கள், இதை மறந்துதான் பல குழுக்கள் மீட்புக் குழுவை வீணாக அலைக்கழிக்கின்றன. கணுக்கால், முழங்கால் பின்புறம், இடுப்புப் பட்டை ஓரம் ஆகிய இடங்களில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால் உண்ணிக் கொக்கியாலோ மெல்லிய இடுக்கியாலோ தோலை ஒட்டிப் பிடித்து, நசுக்காமல் இழுக்க வேண்டும், எண்ணெயோ தீயோ வைக்கக் கூடாது. சில வாரத்தில் அந்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு வளையம் தோன்றினால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஞாயிறு மாலை ஹேஃபீல்டிலிருந்து பஸ் அடிக்கடி கிடையாது. கடைசி பஸ்ஸுக்கு முந்தைய பஸ்ஸைக் குறியாக வைத்து, காலையில் இறங்கும்போதே நேர அட்டவணையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.